மணமும் நிறமும் மாறாத நீர்

இராமநாதபுரம் கடற்கரையின் பழைய பள்ளிவாசல்களுக்குள் நுழைவோரை முதலில் வரவேற்பது ஹவுளின் குளிர்ச்சியாகும். கீழக்கரையானாலும், பெரியபட்டினமானாலும், தொண்டியானாலும், வெயிலில் நடந்து வந்த ஒருவர் அதன் விளிம்பில் அமர்ந்து முகம் கழுவும்போது பெறுகின்ற ஆறுதலை வேறெங்கும் பெறுதல் அரிது. வானம் பார்த்த பூமி என்று பெயரெடுத்த மாவட்டம் இது. நீரின் அருமையை இம்மண்ணில் பிறந்தவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நீரைப் பற்றி மதரஸாவில் பாய் விரித்து அமர்ந்து நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்து நீர், அதாவது இன்றைய கணக்கில் சுமார் 200 லிட்டர், ஓரிடத்தில் இருக்குமாயின், அதில் அசுத்தம் விழுந்ததனாலேயே அது அசுத்தமாகிவிடாது. அதன் நிறமோ சுவையோ மணமோ மாறினால்தான் அசுத்தமாகும். எத்துணை எளிய விதி! ஆலிமும் அறிவார்; எழுத்தறியாத மூதாட்டியும் அறிவார். கண்ணும் நாவும் மூக்கும் உள்ளவர் எவரும் தாமே தீர்ப்புக் கூறிக்கொள்ளலாம். பெருநீரில் சிறு அழுக்கு கரைந்து அழியும் என்ற இயற்கையின் நடைமுறைக்கும் அது பொருந்தியிருக்கின்றது. அழுகக்கூடிய யாவும் நீரிலும் வெயிலிலும் சிதைந்து, மீண்டும் மண்ணாகின்றன.

ஆயினும் நம் காலத்தில் ஒரு புதிய வினா எழுந்துள்ளது. காரீயம், பாதரசம், காட்மியம் ஆகிய உலோகங்கள் மிகச் சிறிய அளவில் நீரில் கலந்திருக்கும்போது நிறம் மாறுவதில்லை, சுவை மாறுவதில்லை, மணமும் மாறுவதில்லை. ஆனால் காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றது. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கி அதனை மெல்ல அரிக்கின்றது. பாதரசம் நரம்புகளைத் தாக்குகின்றது. ஒரு லிட்டர் குடிநீரில் காரீயம் 0.01 மில்லிகிராமையும், பாதரசம் 0.001 மில்லிகிராமையும் தாண்டலாகாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் எல்லை வகுத்திருக்கின்றது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் காரீயம் ஒரு லட்சம் லிட்டர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவந்துவிடும், ஒரு கிராம் பாதரசமோ பத்து லட்சம் லிட்டரை. கண்ணும் நாவும் மூக்கும் பழுதில்லை என்று சான்று கூறும் நீரில் தீங்கு குடியிருக்குமாயின், அதனை என்னவென்று சொல்வது? அதைப் பற்றி நமக்குக் கடமை ஏதும் உண்டா, இல்லையா? இதுவே இக்கட்டுரையின் வினா.

நீரும் சேறும் பாசியும்

வினாவை வெறும் கற்பனையில் வைத்துப் பேசாமல் நம் கரையிலேயே வைத்துப் பார்ப்போம். இராமேசுவரம் தீவிலிருந்து தூத்துக்குடி வரை பரந்திருக்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டு தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் அவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. கடல் மட்டுமன்று; பறவைகள் வந்து தங்கும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களும், 2025-இல் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களும் அதே பட்டியலில் சேர்ந்தன. வறண்ட மாவட்டம் என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் மண்ணுக்கு உலகம் அளித்திருக்கும் மதிப்பு இது.

இக்கடலின் நீரிலும், அடிச் சேற்றிலும், பாசிகளிலும், கடற்புற்களிலும் கன உலோகங்கள் எவ்வளவு உள்ளன என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து வருகின்றனர். மூன்றையும் ஏன் தனித்தனியே அளக்க வேண்டும்? நீர் ஓடிக்கொண்டே இருப்பது. இன்று இங்கிருக்கும் நீர் நாளை அலையோடு வேறிடம் போய்விடும். ஆகவே நீரை மட்டும் சோதித்தால் நேற்று நடந்தது தெரியாது. ஆனால் நீரில் வந்த உலோகம் மெல்லிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றது. நீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு உலோகம் சேற்றில் இருப்பது அதனால்தான். நீர் மறந்ததைச் சேறு நினைவில் வைத்திருக்கின்றது. அந்தச் சேற்றைத் தோண்டிக் கலக்கினாலோ, அதன் உவர்த்தன்மையும் காற்றோட்டமும் மாறினாலோ, கட்டுண்டு கிடந்த உலோகம் மீண்டும் நீருக்கு வருகின்றது. இன்னும் ஒரு விந்தை: சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய உருவுக்கு மாற்றுகின்றன. அது சிறு மீனில் சேர்ந்து, சிறு மீனைத் தின்னும் பெரு மீனில் பெருகி, இறுதியில் நம் தட்டை அடைகின்றது.

பாசியின் கதை இன்னும் உருக்கமானது. பழுப்புநிறக் கடற்பாசிகளின் உடலில் ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருள் உண்டு. காரீயம், செம்பு, காட்மியம் ஆகியவற்றைப் பற்றி இழுத்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. நீரில் இருப்பதுபோல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் ஒரு பாசி தன்னுள் சேர்த்து வைக்கக்கூடும். கடற்புல்லோ இலையால் நீரிலிருந்தும், வேரால் சேற்றிலிருந்தும் உலோகத்தை ஏற்கின்றது. நம் மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு அந்தப் புல்லை மேய்ந்தே வாழ்கின்றது. பாம்பனை அடுத்த சிற்றூர்களிலும் ஏர்வாடிப் பகுதியிலும், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பும் அதே கடலில்தான் இருக்கின்றது. அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் அகர் செய்யப்படுகின்றது. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில், பாலும் சர்க்கரையும் கலந்து நம் இல்லத்துப் பெண்கள் உறையவைக்கும் கடல்பாசியின் மூலப்பொருள் அதுவே. அந்தத் தட்டைக் கண்டு அஞ்சுங்கள் என்று நான் கூறவில்லை. கடலுக்கும் நம் தஸ்தர்கானுக்கும் இடையே எத்துணைக் குறுகிய வழி இருக்கின்றது என்பதை நினைவூட்டவே இதனைச் சொன்னேன்.

இட்டவர் யார்?

இவ்வுலோகங்கள் எங்கிருந்து வந்தன? ஒரு பகுதி இயற்கையே அளித்தது. பாறை தேய்ந்து மண்ணாகும்போது வருவது. மற்றொரு பகுதி மனிதக் கை இட்டது. வளைகுடாவின் தென்கோடியில் தூத்துக்குடியின் அனல் மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. நிலக்கரிச் சாம்பலில் உலோகங்கள் எஞ்சி நிற்கும். அந்நகரின் தாமிர உருக்காலையை எதிர்த்து 2018-ஆம் ஆண்டு மே மாதம் மக்கள் திரண்டபோது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் துறந்தனர், ஆலை மூடப்பட்டது. பெரிய புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும். அதனை எதிர்த்து ஊர் திரளும். ஆனால் படகுகளுக்குப் பூசும் வண்ணமும், இயந்திரத்திலிருந்து சிந்தும் எண்ணெயும், அறுந்து கடலடியில் கிடக்கும் ஈயக்குண்டுகளும், குப்பை மேட்டில் எரியும் மின்சாரக் கம்பிகளும், வயலுக்கு இட்ட பாஸ்பேட் உரத்தோடு வரும் காட்மியமும் யார் கண்ணுக்குத் தெரிகின்றன? இவற்றை எதிர்த்து ஊர் திரண்டதில்லை. ஏனெனில் இவற்றை இட்டவர்கள் ஊராரே.

என்னுடைய பங்கையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைப் பருவத்தில், தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக் கட்டைகளுக்காக நாங்கள் காத்திருப்போம். அவற்றைக் கல்லால் உடைத்து, உள்ளிருக்கும் கரியைக் கோவை இலையோடு சேர்த்து அரைத்துச் சிலேட்டில் பூசினால் சிலேட்டு புதியதுபோல் கறுத்துவிடும். ஊருணிக் கரையில்தான் உடைப்போம். அங்குதான் நல்ல கல் இருந்தது. கிழிந்த தகட்டை என்ன செய்வது? ஊருணிக்குள் எறிவோம். யாருடைய தகடு அதிகத் தூரம் போகின்றது என்று பந்தயம் வேறு. அக்காலத்துப் பேட்டரிகளின் துத்தநாகக் கூடு அரித்துப் போகாதிருக்கச் சிறிது பாதரசம் சேர்ப்பார்கள் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகே அறிந்தேன். அதே ஊருணியில்தான் என் தாயார் குடத்தில் நீர் முகந்தார். நான் எறிந்த தகடுகளால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா? அறிய வழியில்லை. இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அந்த இரண்டாவது நிலைதான் என்னை இன்றும் உறுத்துகின்றது.

சிறு கைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இக்கடலிலேயே சான்றுண்டு. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தோம். நம் கடற்கரைப் பழைய சுவர்கள் பலவற்றில் பவளக்கல் உண்டு. தீவை அழிக்க வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை; ஆளுக்கொரு படகுச் சுமைதான். 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. அவற்றை மூழ்கடித்தவர் யார் என்று கேட்டால் விரல் நீட்ட ஒரு முகம் கிடைக்காது.

இரு ஊர்களின் பாடம்

முகம் கிடைத்த இடங்களும் உண்டு. ஜப்பான் நாட்டின் மினமாட்டா ஒரு மீனவர் ஊர். அங்கே சிஸ்ஸோ என்னும் இரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் ஊர்ப் பூனைகள் தள்ளாடி விழுந்து செத்தன. பின்னர் மீன் உண்ட மனிதர்களின் கைகால்கள் நடுங்கின, பேச்சுக் குழறிற்று. தாய் நோயின்றித் தோன்ற, அவள் வயிற்றுப் பிள்ளை நோயோடு பிறந்தது. 1956-ஆம் ஆண்டு மே முதல் நாள் இந்நோயை முதலில் அரசுக்கு அறிவித்தவர்கள் ஆலையின் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களே. அதன் தலைவர் டாக்டர் ஹொசோகாவா. 1959-இல் அவர் ஆலைக்கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் கண்டது. ஆலை நிர்வாகம் அம்முடிவை மறைத்தது. கழிவு மேலும் ஒன்பது ஆண்டுகள் ஓடிற்று. 1970-இல் நோய்ப் படுக்கையில் கிடந்தபடியே அவர் நீதிமன்றத்துக்குச் சாட்சியம் அளித்தார். 1973-இல் ஆலையே குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயாளிகள் என அரசால் ஏற்கப்பட்டனர். நம் கரை மினமாட்டா அன்று. அப்படி அச்சமூட்டுவது என் நோக்கமுமன்று. ஆனால் அந்த விரிகுடாவின் நீரும் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

ஜப்பான் தொலைவு என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. பாலாற்றங்கரை நமக்கு அண்மையது, உறவுமுறையிலும் அண்மையது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் ஈடுபட்டிருப்பதை எவரும் அறிவர். முன்னாளில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோலைப் பதனிட்டார்கள். பின்னர்க் குரோமிய உப்பு வந்தது, வேலை விரைந்தது, ஏற்றுமதி பெருகிற்று. கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டிய தீர்ப்புகளுள் அது முதன்மையானது.

அத்தொழிலில் ஈட்டிய பொருளால் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் பள்ளிவாசல்களும் எழுந்தன. ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். ஆயிரமாயிரம் குடும்பங்கள் உலை வைத்தன. இவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்: கொடை ஆற்றைக் கழுவுமா? கிணறு கெட்டுப்போன உழவனும், கல்லூரியில் படித்த மாணவனும் வெவ்வேறு மனிதர்கள். ஒருவனுக்குச் செய்த நன்மையை மற்றவனுக்குச் செய்த தீமையோடு கழித்துக்கொள்ள நமக்கு அதிகாரம் அளித்தவர் யார்? மனிதரின் உரிமை மனிதர் பொறுத்தால்தான் தீரும் என்றல்லவா நாம் கற்றிருக்கிறோம்!

அறிந்தவரின் கடமை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஒளு கூடுமா என்பது ஒரு வினா. தீங்கு விளைந்ததா என்பது வேறொரு வினா. நிறம், சுவை, மணம் என்னும் மூன்று அடையாளங்கள் முதல் வினாவுக்கு விடையளிக்க வகுக்கப்பட்டவை. அவற்றைக் கொண்டு இரண்டாவது வினாவையும் தீர்த்துவிட்டதாக எண்ணுவதே நம் பிழை. நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலசலம் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அத்தடை, நீரின் நிறம் மாறிற்றா என்று பார்த்த பிறகு வருவதன்று. அது பிறர் பயன்கொள்ளும் இடம் என்பதே தடைக்குப் போதுமான காரணமாயிற்று. ஆகவே, தெளிவாகத் தோன்றும் நீரிலும் பிறர் உரிமை இருக்கின்றது. அதற்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் கடமையும் இருக்கின்றது.

இதற்கு மூன்று மறுப்புகள் கூறப்படலாம். முதலாவது, "உலோகம் படைப்பிலேயே உள்ளதுதானே?" என்பது. உண்மைதான். இரும்பும் துத்தநாகமும் செம்பும் இன்றி உடல் இயங்காது. ஆனால் அவை தேவைப்படுவது அளவோடு. காரீயத்துக்கோ உடலில் வேலையே கிடையாது. படைப்பில் உள்ள பொருளை அதன் அளவிலிருந்தும் இடத்திலிருந்தும் பெயர்த்தவர் நாம்.

இரண்டாவது, "நான் இடுவது சிறிது; எல்லைக்குள்தான் இருக்கின்றது" என்பது. கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு இதன் விடையை விளக்க வேண்டியதில்லை. தோணி தாங்கும் பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஏறுகின்ற ஒவ்வொருவரும் "என் மூட்டை சிறியது" என்று சொல்லி ஏற்றினால் தோணி எந்த மூட்டையால் கவிழ்ந்தது என்று யார் சொல்வார்? அந்த எல்லை எல்லோருக்கும் பொதுவானது. அதில் ஒருவர் எடுத்துக்கொள்ளும் பங்கு மற்றவரின் பங்கிலிருந்தே குறைகின்றது. அன்றியும், அழுகும் பொருளைக் கடல் செரித்துக்கொள்ளும்; உலோகத்தை அதனால் செரிக்க முடியாது. நம் பாட்டனார் இட்டதன்மேல் நாம் இடுகிறோம்; நாம் இட்டதன்மேல் நம் பேரர் இடுவார்கள்.

மூன்றாவது, "ஏழை மீனவன் என்ன செய்வான்? அவன் வலையில் ஈயக்குண்டு கட்டாமல் எப்படி மீன் பிடிப்பான்?" என்பது. இம்மறுப்பில் நியாயம் உண்டு. கடமை எல்லோர்மீதும் ஒரே எடையாக விழுவதில்லை. தாங்கும் வலிமைக்கேற்பவே விழும். கழிவைச் சுத்திகரிக்கப் பொருள் படைத்த ஆலையும், சாக்கடையைக் கடலில் திறந்துவிடும் நகராட்சியும் முதலில் பொறுப்பேற்க வேண்டும். மீனவன் கடைசியில் வருகிறான். ஆனால் தீங்கு வந்தால் அதனை முதலில் சுமப்பவன் அவனே, அவன் பிள்ளைகளே. இதைவிடப் பெரிய அநீதி வேறுண்டோ?

நம் முன்னோர்க்குப் புலன்கள் மூன்றே கருவிகளாயிருந்தன. அவற்றால் அறிய முடிந்ததற்கு மட்டுமே அவர்கள் பொறுப்பானார்கள். நமக்கோ அணுவளவு உலோகத்தையும் அளந்து காட்டும் கருவிகள் கிடைத்துள்ளன. அறிவு வளர்ந்தால் பொறுப்பும் வளரும். அறியக்கூடியதை அறியாதிருப்பது இனியும் அறியாமை ஆகாது, அது பாராமுகம். ஹொசோகாவாவின் பூனையை மறைத்தவர்களுக்கும், சோதிக்கவே வேண்டாம் என்று இருந்துவிடுபவர்களுக்கும் இடையே உள்ள தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவு.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. நம் ஜமாஅத்துகள் பள்ளிவாசல் வாயிலில் ஒரு பெட்டி வைத்து, தீர்ந்த பேட்டரிகளையும் உடைந்த குழல்விளக்குகளையும் குப்பையோடு கலவாமல் சேர்த்து, முறையாகக் கையாள்வோரிடம் ஒப்படைக்கலாம். மின்கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்பதை ஊர்க்கூட்டத்தில் பேசித் தடுக்கலாம். ஊருணி, கண்மாய், கடற்கரை ஆகியவற்றின் நீரையும் சேற்றையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் ஊர்மக்களுக்கு அறிவிக்க வேண்டுமென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கலாம். இனித் தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள் இலாபக் கணக்கு எழுதும்போதே கழிவின் கணக்கையும் முதற்பக்கத்தில் எழுதப் பழகலாம்.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது அந்த ஊருணிக் கரையில் சற்று நேரம் நின்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நீர் தெளிந்து, கரையோரத்தில் படிக்கட்டின் கடைசிக் கல் வரை தெரிந்தது. சிறுவன் ஒருவன் இரு கைகளாலும் நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தான். நீர் நல்ல நீராகவே இருக்கட்டும் என்று மனம் இறைஞ்சிற்று. அடியில் கிடக்கும் சேற்றை நான் பார்க்கவில்லை. ஆனால் அங்கே என் கையெழுத்து இருக்கின்றது என்பதை அறிவேன். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அந்தச் சேறு வரைக்கும் நீள்கின்றது. அதனை நினைவிற்கொண்டு நடக்கும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!